எட்டு மாதக் குழந்தையோடு ஹேஸ்டிங்ஸ் போர் பார்க்கப் போகலாமா?

நீங்கள் கேட்டது இது: அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஹேஸ்டிங்ஸ் போரை அந்தக் காலத்து உடையிலும் ஆயுதங்களோடும் நடித்துக் காட்டும் ரீஎனாக்ட்மென்ட்டைப் பார்க்க, எட்டு மாதப் பெண் குழந்தையோடு லண்டனிலிருந்து போகலாமா? இரவு அங்கேயே ஹோட்டலில் தங்கி, ஞாயிறு ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் இருந்துவிட்டுத் திரும்பலாமா? உங்கள் கணவருக்கு அந்தப் போர் என்றால் பைத்தியம். ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மாவோ, "கைப்பிள்ளையைத் தூக்கிட்டு யாராவது சண்டை பார்க்கப் போவாங்களா" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள். இதில் இரண்டு கவலைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. குழந்தையின் காதுக்கும் உடம்புக்கும் கெடுதல் வருமா என்பது ஒன்று. அவ்வளவு தூரம் போய், யாரும் எதையும் பார்க்காமல், அழுகையோடு திரும்பி வருவோமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவது உங்கள் குழந்தையின் சுபாவத்தைப் பொறுத்தது. அதை உங்களைவிட நான் அறிந்திருக்க வழியில்லை.

போகலாம் என்பதுதான் என் பதில். இங்கே குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கோடை வார இறுதிகளில், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் ஒரு குழுவோடு, முதலுதவிப் பையும் கையுமாக மைதான ஓரத்தில் நிற்பதும் உண்டு. காது மருத்துவர் கிடையாது. உங்கள் குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, காதிலோ நுரையீரலிலோ ஏற்கெனவே தொல்லை இருந்தாலோ, நான் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள்.

முதலில் சத்தம். வாளும் கோடரியும் பார்க்கத்தான் பயங்கரம். அவை மழுங்கடித்தவை, பார்வையாளர்களுக்கும் சண்டைக்கும் நடுவில் கயிறு கட்டி நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற குழந்தைக்கு ஆயுதத்தால் ஒன்றும் ஆகாது. எந்த ரீஎனாக்ட்மென்ட்டுக்குக் கிளம்பினாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் போரில் வெடிமருந்து உண்டா என்பதுதான். 1066-இல் இங்கிலாந்தில் துப்பாக்கியும் கிடையாது, பீரங்கியும் கிடையாது. இங்கிலாந்து மன்னர் ஹரால்டின் ஆட்களும், பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியமின் நார்மன்களும் கேடயத்தில் கேடயம் மோதிக் கத்துவார்கள், கொம்பு ஊதுவார்கள், குதிரைகள் ஓடும். இரைச்சல்தான், ஆனால் காதைக் கிழிக்கிற இரைச்சல் இல்லை. அந்த வகையில் உங்கள் கணவர் நல்ல போராகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதையே நீங்கள் எங்கள் உள்நாட்டுப் போருக்கு, அதாவது 1640-களின் சண்டைக்கு, எட்டு மாதக் குழந்தையோடு வருவதாகச் சொல்லியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அங்கே மஸ்கெட் என்ற பழைய நீளத் துப்பாக்கிகள் வரிசை வரிசையாக வெடிக்கும், நடுநடுவே பீரங்கியும் முழங்கும். குண்டு இல்லாத வெற்று வெடிதான், ஆனால் காதுக்குக் குண்டு இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை.

இதில் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாகத் துப்பாக்கி வெடிச் சத்தம், சுடுபவரின் காதருகே 140 டெசிபலைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சமூக இரைச்சல் வழிகாட்டலில், இப்படிப்பட்ட திடீர் வெடிச் சத்தத்துக்குப் பெரியவர்களுக்கு 140 டெசிபலையும் குழந்தைகளுக்கு 120-ஐயும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. குழந்தையின் காதுக் குழாய் சின்னது, அதனால் உயர்ந்த சுருதிச் சத்தங்கள் உள்ளே இன்னும் ஓங்கி ஒலிக்கும். இதெல்லாம் உறுதியானது. ஒரே ஒரு வெடி ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு நிரந்தரச் சேதம் செய்யுமா என்பது அப்படி இல்லை. கைக்குழந்தைகளை நிறுத்தி வைத்து யாரும் பரிசோதிக்க முடியாதே. 120 என்பது முன்னெச்சரிக்கையாகக் குறைத்து வைத்த வரம்பு. தாண்டிய உடனே காது போய்விடும் என்று அர்த்தமில்லை, தாண்டினாலும் பரவாயில்லை என்றும் இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் நிற்பதற்குப் பதில் எண்பது மீட்டரில் நின்றால் 18 டெசிபல் போச்சு. காசு செலவில்லாத பாதுகாப்பு அது.

சரி, வெடிமருந்தே இல்லாத ஹேஸ்டிங்ஸில் எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், அங்கேயும் ஒரு பொல்லாத இடம் உண்டு: ஒலிபெருக்கி. போரின் நடுவே ஒருவர் மைக்கில் கதை சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கான ஸ்பீக்கர்களைக் கம்பத்தில் கட்டிக் கூட்ட ஓரமாகவே நிறுத்தியிருப்பார்கள். முன்வரிசையில் இடம் காலியாக இருக்கிறதே என்று சந்தோஷமாகப் போய் நிற்பீர்கள். ஏன் காலியாக இருக்கிறது என்று மைக் உயிர் பெற்ற பிறகுதான் தெரியும். நிற்கிற இடத்தில் முதலில் தலையைத் தூக்கி ஸ்பீக்கர் எங்கே என்று பாருங்கள். பல நூற்றாண்டுகளை ஒரே மைதானத்தில் காட்டும் நிகழ்ச்சிகளில் பக்கத்துத் திடலில் பீரங்கி இருக்கக்கூடும் என்பதால், அவற்றுக்குப் போனால் கால அட்டவணையையும் பார்த்துவிடுங்கள்.

காதுக் கவசம் வாங்கலாம். குழந்தைகளுக்கென்று மெத்தென்ற பட்டையோடு வருவதுதான் வேண்டும். பெரியவர்கள் காதுக்குள் செருகும் பஞ்சு மாதிரியான பிளக் கூடவே கூடாது, வாய்க்குப் போய்த் தொண்டையில் சிக்கும். சரியாகப் பொருந்தினால் கவசம் இருபது டெசிபல் சொச்சம் குறைக்கும். பொருந்தாமல் கன்னத்தோரம் ஒரு விரல் இடைவெளி இருந்தால் பாதி பயன் போய்விடும். போகும் வாரத்தில் வீட்டில் தினமும் சில நிமிடம் போட்டுப் பழக்குங்கள். மைதானத்தில் முதல் முறையாகப் போட்டால் இழுத்து எறிவதிலேயே நேரம் போகும். சண்டை நடக்கும்போது மட்டும் போதும். தூங்கும்போதும் கார் சீட்டில் தலை சாய்த்திருக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

இந்த வயதுக் குழந்தையைச் சத்தத்தைவிட முகங்கள்தான் அதிகம் பயமுறுத்துகின்றன, இது பலருக்குத் தெரிவதில்லை. திடுக்கென்று கைகால்களை விரிக்கும் பிறவி அனிச்சை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் போய்விடும். ஆனால் எட்டு, ஒன்பது மாதத்தில் வேற்று முகம் கண்டு மிரளுவது ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து, மூக்கை மறைக்கும் இரும்புப் பட்டை வைத்த தொப்பி, கழுத்து வரை சங்கிலிக் கவசம், கீழே தாடி என்று ஒருவர் குனிந்து "ஹலோ" என்றால் எப்படி இருக்கும்? கண்ணும் வாயும் தனித்தனியாகத் தெரிகிற அந்த முகத்தை அவளால் ஒரு முகமாகச் சேர்த்துப் பார்க்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். போர் தொடங்குவதற்கு முன்னால் முகாமில் சுற்றும்போது, யாராவது வீரரிடம் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் பேசச் சொல்லுங்கள். பிறகு அவள் பார்க்கும்போதே மாட்டட்டும், மறுபடி கழற்றட்டும். அவர்களும் வீட்டில் பிள்ளை குட்டி இருப்பவர்கள்தான், கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். இப்படிச் செய்தால் பயம் போய்விடும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். சில குழந்தைகளுக்குப் போகும், சிலது இன்னும் ஓங்கி அழும்.

இடத்தைப் பற்றி. ஹேஸ்டிங்ஸ் போர் ஹேஸ்டிங்ஸில் நடக்கவில்லை என்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும், அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். அந்த ஊரிலிருந்து வடமேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, இப்போது பேட்டில் என்றே பெயருள்ள சிற்றூரில் நடந்தது. போரில் வென்ற வில்லியம் அங்கே ஒரு மடாலயம் கட்டினார். ஹரால்ட் விழுந்த இடத்தில்தான் அதன் பிரதான பலிபீடம் அமைந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. மடாலயத்தின் இடிபாடுகளையும் போர்க்களத்தையும், வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கிறது. 14 அக்டோபர் 1066 என்ற தேதியை ஒட்டிய வார இறுதியில்தான் வழக்கமாக நிகழ்ச்சி வைப்பார்கள். எல்லா வருடமும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் டிக்கெட்டும் நேரமும் அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டே ரயில் பதிவு செய்யுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. ரயிலிலும் அப்படியே.

லண்டன் சேரிங் கிராஸிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகும் ரயில் பேட்டிலில் நிற்கும், ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் என்றால், குழந்தை சீட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இங்குள்ள பொதுவான அறிவுரை. வார இறுதி நெரிசலில் அந்த இரண்டு மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும். அதனால் ரயில்தான் என் ஓட்டு. ஸ்டேஷனிலிருந்து மடாலயத்துக்கு நடக்கிற தூரம்தான், ஆனால் ஏற்றம்.

போர்க்களம் ஒரு சரிவு. 1066-இல் அதுதானே விஷயமே: ஹரால்டின் படை மேட்டில் கேடயச் சுவராக நின்றது, நார்மன்கள் கீழேயிருந்து ஏறி வந்து மோத வேண்டியிருந்தது. ஹரால்ட் செப்டம்பர் 25-ஆம் தேதிதான் வடக்கே ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நார்வேக்காரர்களைத் தோற்கடித்திருந்தார். மூன்று நாள் கழித்து வில்லியம் பெவன்சியில் கரையிறங்கினார். ஹரால்ட் நாட்டின் பாதி நீளத்தைக் கடந்து திரும்பி வந்து, களைத்த படையோடு அந்த மேட்டைப் பிடித்தார். அவர் கண்ணில் அம்பு பாய்ந்து செத்தார் என்பதை மட்டும் உங்கள் கணவர் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் போரைத் தையல் படங்களாகச் சொல்லும் பேயோ திரைச்சீலையில் அம்பைப் பிடித்திருக்கும் உருவம் ஹரால்ட்தானா, அந்த அம்பே பிற்காலத்தில் தைத்துச் சேர்த்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தச் சரிவு மட்டும். அக்டோபர் மழை பெய்து, ஆயிரக்கணக்கான பேர் மிதித்த புல்லில் தள்ளுவண்டி, ஆற்று மணலில் இறங்கிய கட்டைவண்டி மாதிரி நகராது. நெஞ்சோடு கட்டும் கேரியரைக் கொண்டு போங்கள். தள்ளுவண்டியும் வேண்டும் என்றால் பெரிய சக்கரம் உள்ளது, அதுவும் சாமான் சுமக்க.

கேரியரில் இரண்டு விஷயம் தவறக் கூடாது. குழந்தையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சியில் முத்தமிடுகிற உயரத்தில். தாடை மார்பில் அழுந்தி மடங்கக் கூடாது. அப்புறம், உங்கள் உடம்புச் சூடும் அவளுக்கு ஒரு சட்டைதான். தடித்த பனி உடுப்பையும் மாட்டிக் கேரியரிலும் கட்டினால் புழுங்கிவிடும். சாதாரணச் சட்டை போட்டுக் கட்டி, மேலே உங்கள் இருவருக்குமாக ஒரு கோட்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், முகத்தை மூடாமல். குளிர்கிறதா என்று கையையும் காலையும் தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தில் கை வையுங்கள். வியர்த்திருந்தால் ஒரு சட்டையைக் கழற்றுங்கள்.

எங்கே நிற்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கயிற்றோரம் உங்கள் கணவருக்கு. நீங்களும் குழந்தையும் பின்னால், மேட்டுப்பக்கம், வெளியே போகும் வழி எந்தப் பக்கம் என்று தெரிகிற இடத்தில். கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால், அழும் குழந்தையோடு "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிச் சொல்லி வெளியேறுவதற்குள் போரே முடிந்துவிடும். அம்மா வரச் சம்மதித்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். மூன்று பெரியவர்கள் இருந்தால் இரண்டு பேர் எப்போதும் எதையாவது பார்க்கலாம். பெரிய சண்டையைப் பொதுவாகப் பிற்பகலில் வைப்பார்கள். அந்த வயதில் ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம்தான் முகம் மலர்ந்திருக்கும். அதனால் காலைத் தூக்கத்தை ரயிலிலும், மதியத் தூக்கத்தைச் சண்டைக்கு முன்னாலும் முடித்துவிடப் பாருங்கள். உண்மைப் போர் காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்கி இருட்டும் வரை நடந்தது. நல்ல வேளை, நடித்துக் காட்டுபவர்கள் அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை.

சண்டையைவிட எனக்குப் பிடித்தது முகாம்தான். துணிக் கூடாரங்கள், தறி, தோல் வேலை, இரும்புச் சட்டியில் கொதிக்கும் கஞ்சி. எட்டு மாதக் குழந்தைக்கு ஆட்டு ரோமமும் மணி கோத்த தறியும் போதும், அதைப் பார்த்தே அரை மணி நேரம் ஓட்டுவாள். முதலுதவிக்கு நிற்பவளாக நான் கவலைப்படுகிற இடமும் அதுதான். விறகுப் புகை காற்றோடு திசை மாறிக்கொண்டே இருக்கும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். கூடாரக் கயிறுகள் கணுக்கால் உயரத்தில் இழுத்துக் கட்டியிருக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது காலடியைக் கவனியுங்கள். குதிரையையோ ஆட்டையோ அவள் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். விலங்குகளிடமிருந்து வரும் ஈ.கோலை போன்ற கிருமிகளுக்குக் கைச் சுத்திகரிப்பு ஜெல் ஈடாகாது. கையைக் கழுவும் வரை விரல் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம்.

தேன் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கறாராக இருங்கள். இப்படிப்பட்ட முகாம்களில் தேனும் தேன் மதுவும் விற்கும் கடை ஒன்று அநேகமாக இருக்கும், குச்சியில் தொட்டு ருசி பார்க்கக் கொடுப்பார்கள். பிறந்ததும் சேனை வைத்து வளர்த்த தலைமுறை என்பதால், ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் என்ன என்று அம்மாவுக்குத் தோன்றலாம். ஒரு வயது ஆகும் வரை தேன் கூடாது. தேனில் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கினால் தசைகள் தளர்ந்து மூச்சு வரைக்கும் போகும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடக்கிற நோய்.

நீங்கள் ஹோட்டலில் தங்குவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், நல்லது. என்றாவது முகாமிட்டுத் தங்கினால், பார்பிக்யூவையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு போகவே போகாதீர்கள், அணைந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் கூட. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு குடும்பத்தோடு கொன்றிருக்கிறது. பால் கொடுப்பதற்கு எங்கேயும் ஒதுங்கத் தேவையில்லை. பொது இடத்தில் பாலூட்டும் தாயைத் தடுப்பது 2010 சமத்துவச் சட்டப்படி பாகுபாடு. குளிர் காற்றுதான் சங்கடம், அதனால் மதில் ஓரமாக உட்காருங்கள். நாப்பி மாற்ற வசதி இருக்கும், வரிசையும் இருக்கும். சண்டை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் போவார்கள், நீங்கள் சண்டை நடக்கும்போதே போய் வாருங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கடல். பேட்டிலிலிருந்து ஹேஸ்டிங்ஸுக்கு ரயிலில் கால் மணி நேரம். மெரினா மாதிரி மணலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஹேஸ்டிங்ஸ் கடற்கரை கூழாங்கல். கடல் உள்வாங்கும்போது கீழே கொஞ்சம் மணல் தலைகாட்டும், ஏறும்போது மறைந்துவிடும். ஓதம் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பதால், எந்த நேரம் கடல் இறங்கியிருக்கும் என்று முதல் நாளே அட்டவணையில் பார்த்து வையுங்கள். அந்தக் கற்களில் ஒரு தந்திரம் உண்டு: மேலே பெரிய கல்லாகத் தெரிகிற இடத்தில் கையை உள்ளே விட்டால், அடியில் பட்டாணி அளவுப் பொடிக்கற்கள் ஈரமாக, பளபளவென்று, மிட்டாய் போலவே கிடக்கும். எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயது இது. தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டு, அவள் உட்கார்ந்து கை எட்டுகிற வட்டத்துக்கு வெளியே விளிம்பு இருக்கும்படி பெரிதாக விரியுங்கள். அப்படியும் ஒரு ஜோடிக் கண் அவள் கையிலேயே இருக்க வேண்டும்.

மணல்தான் வேண்டும் என்றால் கிழக்கே கேம்பர் சாண்ட்ஸ் இருக்கிறது. ரை என்ற ஊர் வரை ரயில், அங்கிருந்து பஸ். பரந்த மணல், குன்றுகள், அழகான இடம். ஆனால் ஒரே வார இறுதியில் போரையும் அதையும் சேர்த்தால் பயணமே மிஞ்சும். அங்கே ஓதம் ஏறும்போது மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் பின்பக்கமாக வேகமாக வந்துவிடும் என்பதும் உண்டு. இந்த முறைக்கு ஹேஸ்டிங்ஸே போதும்.

தண்ணீரில் இறக்குவதா? அக்டோபரில் ஆங்கிலக் கால்வாய் 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். குழந்தைகளை நீந்த விடும் குளத்தை 30-க்கு மேல் வைப்பார்கள். சிறு உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும், நனைந்த துணியோடு காற்றில் இருந்தால் இன்னும் வேகமாக. அலை விளிம்பில் பாதத்தை ஒரு நொடி நனைத்து அவள் முகம் போகிற போக்கைப் படம் எடுத்துவிட்டு, உடனே துடைத்துக் காலுறை மாட்டிவிடுங்கள், அது போதும். கோடையில் நிற்கிற லைஃப்கார்டுகளை அக்டோபரில் எதிர்பார்க்காதீர்கள். கடலில் யாருக்காவது ஆபத்து என்றால் 999-ஐ அழைத்துக் கடல் மீட்புப் பணியினரான கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

வெயில் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் கவனம் தேவைப்படுவது மார்ச் முதல் அக்டோபர் வரை என்கிறது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., ஆக உங்கள் தேதி அதன் வால் முனையில். ஆறு மாதத்துக்குக் கீழே நேர் வெயிலே படக் கூடாது; அவள் அதைத் தாண்டிவிட்டாள், தொப்பியும் திறந்த இடங்களில் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் போதும். இதே பயணத்தை ஜூலைக்கு மாற்றினால் காலை 11 முதல் மாலை 3 வரை நிழலிலேயே இருக்க வேண்டும். அப்போது தள்ளுவண்டி மேல் துணி போட்டு மூடுகிற பழக்கம் வேண்டாம். காற்றோட்டம் தடைபட்டு உள்ளே வேகமாகச் சூடாகிவிடும். குடை மாட்டுங்கள்.

ஹேஸ்டிங்ஸில் குழந்தையோடு எனக்குப் பிடித்த மூலை, பழைய ஊர்ப்பக்கம் ராக்-எ-நோரில், கறுப்புத் தார் பூசிய உயரமான மர வலைக் குடில்கள் நிற்கும் இடம். பக்கத்திலேயே மீன்பிடிப் படகுகள் கற்கள் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கும். துறைமுகம் இல்லாமல் கரையிலிருந்தே கடலுக்குத் தள்ளிவிடுகிற படகுகள் அவை. அங்கே தரை சமமாக இருப்பதால் தள்ளுவண்டி ஓடும், குடில்களின் ஓரம் காற்றும் அவ்வளவாக அடிக்காது. இரண்டு தொல்லை மட்டும். ஒன்று கடற்காகம்: கையில் சிப்ஸோடு நின்றால் பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போகும், குழந்தை கையில் ரஸ்க் இருந்தாலும் விடாது. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள். இன்னொன்று அதற்குக் கிழக்கே உள்ள மணற்கல் குன்று: அடிக்கடி சரிகிற குன்று, அதன் அடியில் நிழலாக இருக்கிறதே என்று விரிப்பைப் போடக் கூடாது.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். குளிரிலும் கூட்டத்திலும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலையக் கூடாது என்பதில் அவர் சொல்வது சரி. அதனால்தான் சனிக்கிழமையில் பாதி நாள் போதும் என்கிறேன். மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, மேடு இறங்கி, அறைக்குப் போய்விடுங்கள். அக்டோபர் நடுவில் மாலை ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், உடனே குளிர் இறங்கும். சண்டையைப் பார்த்தால் குழந்தை மனதில் பயம் தங்கிவிடும் என்பதற்கு மட்டும் எனக்கு ஆதாரம் தெரியவில்லை. எட்டு மாதத்தில் அவளுக்கு அது சண்டை என்றே தெரியாது. பிடித்த கைகள் தளராமல் இருக்கின்றனவா, உங்கள் முகம் சாதாரணமாக இருக்கிறதா என்பதைத்தான் அவள் படிப்பாள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அவளும் சமாளித்துக்கொள்வாள். அப்படியும் முதுகை வளைத்துக்கொண்டு நிற்காமல் அழுதால், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்று காத்திருக்காமல் வெளியே கொண்டு போங்கள். போர் அடுத்த வருடமும் நடக்கும், முடிவும் மாறப் போவதில்லை.

கிளம்பும் நாள் காலையில் காய்ச்சலோ, மூச்சு இழுப்போ, பால் குடிக்க மறுப்பதோ இருந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். அங்கே போன பிறகு சந்தேகம் வந்தால், என்.எச்.எஸ். மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழைக்கலாம். ஞாயிறுகளில் ரயில் பாதையில் பராமரிப்பு வேலை என்று ஒரு பகுதிக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது உண்டு. சனி இரவே நேரத்தைப் பார்த்துவிடுங்கள். பஸ் என்றால் தள்ளுவண்டியை மடித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும், அதனால் பால் பாட்டிலையும் இரண்டு நாப்பியையும் தோள் பையில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.